ஸ்கேன் சீட்டு, பேட்ஜ், கைகர் கருவி, பழைய புத்தகம்: நான்கு எண்களை எப்படி ஒப்பிடுவது?

2024 ஜூன் 8, காலை. வேளச்சேரி வாசகரின் கேள்வி

என் அம்மாவுக்கு 68 வயது. சென்ற வாரம் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். படங்களின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் சிடிடிஐ 14.2 மில்லிகிரே, டிஎல்பி 640 மில்லிகிரே-சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். என் தங்கை ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அவளுடைய பேட்ஜின் அறிக்கை 0.25 மில்லிசீவர்ட் என்கிறது. ரிச்சி தெருவில் நான் வாங்கிய சிறிய கைகர் கருவி வீட்டுக் கூடத்தில் 0.14 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது. அப்பா காலத்துப் புத்தகம் ஒன்றில் ஆண்டுக்கு 5 ரெம் வரை பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறது. நான்கும் கதிர்வீச்சின் அளவுதானே? எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி வரிசையாக எழுதிவிட்டால் போதாதா? அம்மா வாங்கியது தங்கை வாங்கியதைப் போல 2,560 மடங்கா?

ஜூன் 8, இரவு

2,560 என்ற எண்ணை முதலில் அடித்துவிடுங்கள். மில்லிகிரே-சென்டிமீட்டரை மில்லிசீவர்ட்டால் வகுத்தால் வருவது மடங்கு அல்ல, பொருளற்ற ஓர் எண். கிரே, உறிஞ்சிய ஆற்றலைச் சொல்லும் அலகு; சீவர்ட், அதன் தீங்கை மதிப்பிடும் அலகு. சென்னை மருத்துவமனைகளில் கதிர்வீச்சு இயற்பியலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். நோயாளிகளின் வீட்டார் என்னிடம் கொண்டுவந்த அச்சங்களில் பெரும்பாலானவை எண்ணைப் படித்து அலகைப் படிக்காமல் விட்டதால் பிறந்தவை. ஆகவே ஒவ்வோர் எண்ணிலும் மூன்றைக் கேளுங்கள்: எங்கே அளந்தது, எதில் அளந்தது, எவ்வளவு நேரத்துக்கு.

அம்மாவின் சீட்டில் உள்ள 14.2 மில்லிகிரே அவருடைய உடலில் அளந்தது அல்ல. 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருளை ஒன்றை (நாங்கள் ஃபாண்டம் என்போம்) மேசையில் வைத்து, அதே கிலோவோல்ட், அதே மில்லியாம்பியர், அதே வேகத்தில் ஸ்கேன் செய்தால் அந்த உருளைக்குள் சராசரியாக எவ்வளவு டோஸ் விழும் என்பதை இயந்திரம் கணக்கிட்டுச் சொல்கிறது. தலைக்கான ஸ்கேன் என்றால் உருளை 16 சென்டிமீட்டர். இந்த 14.2ஐ ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் டிஎல்பி கிடைக்கும். 640ஐ 14.2ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வரும். விலா எலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பு வரையான நீளம் அது. ஆகவே அம்மாவின் உடலில் எந்த இடமும் 640 மில்லிகிரே வாங்கவில்லை.

டிஎல்பியிலிருந்து மில்லிசீவர்ட்டுக்குப் போக ஒரு பெருக்கெண் புழக்கத்தில் உள்ளது. வயிற்றுக்கு அது 0.015, 640ஐ அதனால் பெருக்கினால் 9.6 மில்லிசீவர்ட். மார்புக்கு 0.014, தலைக்கு ஏறக்குறைய 0.002. இயற்கையிலிருந்து உலகில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு வாங்குவது 2.4 மில்லிசீவர்ட் என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் மதிப்பீடு. எனவே அந்த ஸ்கேன் சுமார் நான்கு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சின் வரிசையில் நிற்கிறது. மருத்துவர் காரணத்தோடு கேட்ட ஸ்கேன் என்றால் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணமில்லாமல் ஆறு மாதத்துக்கொரு முறை “முழு உடல் செக்கப்” பேக்கேஜில் எடுக்கிறார்கள் என்றால், அங்கே நான் எதிர்ப்பேன்.

ஜூன் 9

தங்கையின் பேட்ஜ். அது டிஎல்டி பேட்ஜ்: டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் கலந்து செய்த மூன்று வட்டத் தட்டுகள் உள்ளே இருக்கும். ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. கதிர்வீச்சு அந்தப் படிகத்தில் விட்டுச்செல்லும் ஆற்றல் அங்கேயே சிறைப்பட்டிருக்கும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளியேறும். அந்த ஒளியை அளந்து டோஸைச் சொல்கிறார்கள். மூன்று தட்டுகளின் விகிதத்திலிருந்து வந்தது எக்ஸ்ரேயா, காமாவா, பீட்டாவா என்றும் ஊகிக்க முடியும்.

0.25 மில்லிசீவர்ட் என்பது மூன்று மாதத்துக்கு, பேட்ஜ் இருந்த இடத்தில், உடலின் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் விழுந்திருக்கக்கூடிய டோஸ். ஆண்டு முழுவதும் இதே போக்கில் போனால் 1 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளருக்கு நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. தங்கை மிகக் கீழே இருக்கிறார்.

ஆனால் அந்த எண்ணை நம்பலாமா என்பது அவர் பேட்ஜை எப்படி அணிகிறார் என்பதைப் பொறுத்தது. மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். ஒரு ஸ்கேன் சென்டரில் ஏப்ரனோடு சேர்த்தே பேட்ஜையும் எக்ஸ்ரே அறைக்குள் ஆணியில் தொங்கவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் அறிக்கையில் எண் திடீரென்று எகிறியது. அவர் இரவெல்லாம் தூங்கவில்லை. டோஸ் வாங்கியது பேட்ஜ்தான், அவர் அல்லர் என்று நிறுவுவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. எதிர்த்திசையிலும் நடக்கிறது: எண் ஏறினால் வேலை போய்விடுமோ என்று பயந்து பேட்ஜை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பூஜ்யம் என்று வரும் அறிக்கை எனக்கு அதிக வருத்தம் தந்தது.

ஜூன் 9, மாலை

கைகர் கருவி பற்றிச் சுருக்கமாக. திரையில் மைக்ரோசீவர்ட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் “ஒரு மணிக்கு” என்று இருக்கும். அது வேகம், தொகை அல்ல. 0.14ஐ 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 1.2 மில்லிசீவர்ட். சாதாரண அளவு.

இன்னொரு வாசகர், “அப்படியானால் உலகச் சராசரி 2.4ஐ விடச் சென்னை பாதிதானே?” என்று மகிழ்ந்திருக்கிறார். அந்த முடிவுக்கு வரமுடியாது. 2.4இல் ஏறத்தாழப் பாதி, நாம் மூச்சில் இழுக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் அதன் வழித்தோன்றல்களும் நுரையீரலில் விடும் ஆல்ஃபாத் துகள்களால் வருவது. கூடத்து மேசையில் இருக்கும் கைகர் கருவியின் குழாய்க்கு அது தெரியாது. நம் உடலில் உள்ள பொட்டாசியம்-40 கொடுக்கும் பங்கும் (ஆண்டுக்குச் சுமார் 0.17 மில்லிசீவர்ட்) இந்தப் பெருக்கலில் வராது.

ஜூன் 11

மேடவாக்கத்து ஆசிரியர் ஒருவர் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்: கிரேயும் ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல், சீவர்ட்டும் ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல், ஒரே பரிமாணத்துக்கு இரண்டு பெயர் எதற்கு? மாணவர்களிடம் இதை எப்படி நியாயப்படுத்துவது?

ஜூல் கணக்கை மட்டும் கொண்டு கதிர்வீச்சின் தீங்கை முழுமையாகச் சொல்ல முடியாது என்பதிலிருந்து தொடங்குங்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே வாங்கிய மனிதர்களில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறத்தாழப் பாதிப் பேர் 60 நாட்களுக்குள் இறப்பார்கள். 70 கிலோ மனிதருக்கு 4 கிரே என்றால் 280 ஜூல். ஒரு தேக்கரண்டி ஃபில்டர் காபி வாயில் ஆறும்போது விட்டுச்செல்லும் வெப்பத்தின் அளவுதான் அது. உடலின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும். கொல்வது வெப்பம் அல்ல. அந்தச் சிறிய ஆற்றல் மிகச் சிறிய இடங்களில் குவிந்து விழுந்து மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்க்கிறது, டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. அதே ஜூல் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே தீங்கைத் தீர்மானிக்கிறது. எக்ஸ்ரே ஆங்காங்கே தூவிச் செல்கிறது. ஆல்ஃபாத் துகள் சில பத்து மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. அதனால்தான் கிரேயை எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் பீட்டாவுக்கும் 1ஆலும், ஆல்ஃபாவுக்கு 20ஆலும், நியூட்ரானுக்கு அதன் ஆற்றலைப் பொறுத்து 2.5 முதல் 20 வரையும் பெருக்கி, கிடைப்பதற்குச் சீவர்ட் என்று பெயர் வைத்தார்கள்.

இதோடு முடியவில்லை. எந்த உறுப்பில் விழுந்தது என்பதும் முக்கியம். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2007 பரிந்துரையில் நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் ஆகியவற்றுக்குத் தலா 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. உறுப்புகளின் டோஸை இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டினால் வருவது எஃபெக்டிவ் டோஸ். அதற்கும் அலகு சீவர்ட்தான். தங்கையின் பேட்ஜில் உள்ள சீவர்ட்டும் அம்மாவுக்கு நான் கணக்கிட்ட சீவர்ட்டும் எழுத்தில் ஒன்று. முதலாவது கருவியில் அளந்த டோஸ், இரண்டாவது கணக்கில் பிறந்தது. எந்தக் கருவியும் எஃபெக்டிவ் டோஸை நேரடியாக அளக்காது.

மேலும் அந்த எடைகள் ஆண், பெண், எல்லா வயதினர் ஆகியோரின் சராசரிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் திட்டமிடவும் ஒரு பரிசோதனை முறையை இன்னொன்றோடு ஒப்பிடவும் உருவானவை. 68 வயதான ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதிலிருந்து கணக்கிடுவது அந்த அலகை அது தாங்காத வேலைக்கு இழுப்பது. ஆணையமே அதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. 9.6 என்று நான் எழுதியதை அந்த எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

ஜூன் 12

செல்போன் கோபுரம் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே சொல்லும் எஸ்ஏஆர் (உடல் அந்த அலைகளின் ஆற்றலை உறிஞ்சும் வேகம்) ஒரு கிலோகிராமுக்கு இத்தனை வாட், இந்தியாவில் கைபேசிகளுக்கான வரம்பு 1.6. பரிமாணத்தில் பார்த்தால் நொடிக்கு 1.6 கிரே போலத் தோன்றும். ஆனால் அந்த அலைகளுக்கு எலக்ட்ரானைப் பிய்க்கும் வலு இல்லை. அங்கே நடப்பது வெப்பம் மட்டும். அந்த எண்ணை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 15

பழைய புத்தகத்தின் 5 ரெம். 100 ரெம் 1 சீவர்ட், ஆகவே 5 ரெம் 50 மில்லிசீவர்ட். அது பணியாளருக்கு ஒருகாலத்தில் இருந்த ஆண்டு வரம்பு. “இதுவரை பாதுகாப்பு” என்ற பொருள் அதற்கு அன்றும் இல்லை. 1990இல் ஆணையம் அதை ஐந்தாண்டுச் சராசரி 20ஆகக் குறைத்தது. பொதுமக்களுக்கு, மருத்துவமும் இயற்கையும் நீங்கலாக, ஆண்டுக்கு 1.

ரெம்முக்கு முன்னால் ராண்ட்ஜன் இருந்தது. வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டபின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகில் பொதுவான அலகே இல்லை. மருத்துவர்கள் தோல் சிவப்பதைக் கொண்டு டோஸை மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் விரல்களை இழந்த முன்னோடிகளை நினைக்காமல் இந்த வரலாற்றை என்னால் படிக்க முடிவதில்லை. 1928இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில்தான் உலகம் ஓர் அலகுக்கு ஒப்புக்கொண்டது: உலர்ந்த காற்றில், ஒரு கன சென்டிமீட்டரில், குறிப்பிட்ட அளவு மின்னூட்டத்தை உண்டாக்கும் எக்ஸ் கதிர். இன்றைய மொழியில் ஒரு கிலோகிராம் காற்றுக்கு 2.58 × 10⁻⁴ கூலும்.

காற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. மின்னூட்டத்தைத் துல்லியமாக அளக்க முடியும்; எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை காற்றும் மென்தசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். 1 ராண்ட்ஜன் விழுந்த இடத்தில் காற்று உறிஞ்சுவது 0.876 ரேட் (உறிஞ்சிய டோஸின் பழைய அலகு, 100 ரேட் 1 கிரே), மென்தசை உறிஞ்சுவது சுமார் 0.96 ரேட். ஆகவே ராண்ட்ஜன், ரேட், ரெம் மூன்றையும் ஒன்றுபோல் பேசிப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் காமாக் கதிருக்கும் தசைக்கும் பொருந்தும். எலும்புக்கு, குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயில், பொருந்தாது. அங்கே அதே ராண்ட்ஜனுக்கு எலும்பு பல மடங்கு உறிஞ்சுகிறது. நியூட்ரானுக்கு ராண்ட்ஜன் என்ற அலகே கிடையாது. இந்தக் குறைகளால்தான் 1953இல் ரேட் வந்தது, 1975இல் கிரே வந்தது, 1979இல் சீவர்ட் வந்தது.

காற்றை நாங்கள் இன்றும் கைவிடவில்லை. கதிர்சிகிச்சை இயந்திரத்தின் டோஸைச் சரிபார்க்க, 0.6 கன சென்டிமீட்டர் காற்று கொள்ளும் சிறிய அளவீட்டுச் சேம்பரைத் தண்ணீர்த் தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, நானோகூலும்களில் மின்னூட்டத்தை அளக்கிறோம். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அளவீட்டுச் சான்று அதை கிரேயாக மாற்றித்தரும். சேம்பர் வெளிக்காற்றோடு திறந்திருப்பதால், உள்ளே இருக்கும் காற்றின் நிறை அன்றைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. சான்று 20 டிகிரிக்கு. சென்னையில் மே மாதம் ஏசி திணறி அறை 27 டிகிரியில் நின்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் 2.4 சதவீதத் திருத்தம் செய்ய வேண்டும். புயல் நாட்களில் பாரோமீட்டர் இறங்கினால் இன்னும் கூடும். 60 கிரே சிகிச்சையில் 2.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை கிரே. ஒரு நாளுக்குரிய 2 கிரேயில் பெரும்பகுதி. வெப்பமானியை எழுதிவைக்கும் பயிற்சியாளர்களிடம் நான் கடுமையாக இருந்ததன் காரணம் இதுதான்.

ஜூன் 16

முதல் குறிப்பை மறுபடி படித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். அக்ரிலிக் உருளை 32 சென்டிமீட்டர் என்று சொன்னேன். அம்மா மெலிந்தவர் என்று இன்று எழுதியிருக்கிறீர்கள். மெலிந்த உடலில் எக்ஸ்ரே குறைவாகவே தடுக்கப்படுவதால், அதே இயந்திர அமைப்பில் நடு உறுப்புகளுக்கு அதிக டோஸ் போகும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011இல் வெளியிட்ட அட்டவணைப்படி, வயிற்றின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் 14.2ஐச் சுமார் 1.5ஆல் பெருக்க வேண்டும், 21 மில்லிகிரே. நல்ல இயந்திரங்கள் மெலிந்தவருக்கு மின்னோட்டத்தைத் தானாகவே குறைக்கும். அதன்பிறகும் 14.2 என்றால், அந்த அமைப்பைக் குறைக்க இடமிருந்ததா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் பணிவாகக் கேட்கலாம். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஜூன் 20

குரோம்பேட்டையிலிருந்து: “மாமாவுக்குத் தைராய்டு புற்றுநோய்க்கு 100 மில்லிக்யூரி அயோடின் கொடுத்தார்கள். அது எத்தனை மில்லிசீவர்ட்?”

மாற்ற முடியாது. க்யூரி, மருந்துக்குள் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று சொல்கிறது. 1910இல் ஒரு கிராம் ரேடியத்தை அடிப்படையாக வைத்து உருவான அலகு. இன்று நொடிக்கு ஒரு சிதைவை ஒரு பெக்கரல் என்கிறோம், 1 மில்லிக்யூரி 3.7 கோடி பெக்கரல். நியூக்ளியர் மெடிசின் துறைகளில் மில்லிக்யூரியே இன்னும் பேச்சு வழக்கு. மருந்து எந்த உறுப்பில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு நேரம் தங்கியது என்று தெரிந்தால்தான் அந்த உறுப்பின் கிரே கிடைக்கும்.

வீட்டாருக்குத் தேவையான எண் வேறு. மூடாத அயோடின்-131, ஒரு மில்லிக்யூரிக்கு ஒரு மீட்டர் தூரத்தில், மணிக்கு ஏறத்தாழ 0.22 மில்லிராண்ட்ஜன் கொடுக்கும். 100 மில்லிக்யூரிக்கு 22. இதனால்தான் 30 மில்லிக்யூரிக்கு மேல் வாங்கியவரைத் தனி அறையில் வைத்து, சிறுநீரில் வெளியேறி அளவு இறங்கிய பிறகு அனுப்புகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகும். வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஜூன் 23

தங்கையின் கன்சோல் அறையில் கைகர் கருவியை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த வகைக் கருவிகள் துடிப்புகளை எண்ணி, சீசியம்-137இன் காமாவுக்கான பெருக்கெண்ணால் சீவர்ட்டாக்கிக் காட்டுகின்றன. எக்ஸ்ரேயின் குறைந்த ஆற்றலில் வடிகட்டி இல்லாத குழாய் மிகையாகக் காட்டும். கதிர் மிக அதிகமானால் எண்ண முடியாமல் தடுமாறிக் குறைத்தும் காட்டும்.

கருவியின் உச்சியைக் கவனிக்காததற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1986இல் செர்னோபிலில் முதல் மணிகளில் கையிலிருந்த கருவிகள் நொடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜனுக்கு மேல் காட்டாதவை, மணிக்கு 3.6 ராண்ட்ஜன். முள் உச்சியில் முட்டி நின்றதையே அளவு என்று மேலே சொன்னார்கள். அங்கே உண்மை அளவு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்காக இருந்த இடங்கள் உண்டு.

ஜூலை 2

மயிலாப்பூரிலிருந்து வந்த கேள்வியோடு என் பங்கை நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, சீட்டில் 86 கிரே-சதுர சென்டிமீட்டர், அடுத்த வரியில் 1.4 கிரே. “4 கிரே உயிருக்கு ஆபத்து என்றால் 86 எப்படி?”

86 என்பது டோஸையும் கதிர்க்கற்றையின் பரப்பையும் பெருக்கியது. 86ஐ 1.4ஆல் வகுத்தால் 61 சதுர சென்டிமீட்டர்; கற்றையின் அளவு அது. உங்கள் அப்பாவுக்குப் பொருள்படும் எண் 1.4 கிரே. அதுவும் முதுகுத் தோலுக்கு அருகில் உள்ள ஒரு குறிப்புப் புள்ளியில், காற்றில் கணக்கிட்டது. 4 கிரே உயிருக்கு ஆபத்து என்றது உடல் முழுவதும் வாங்கும்போது. இங்கே வாங்கியது உள்ளங்கை அளவுத் தோல். தோல் தற்காலிகமாகச் சிவக்கத் தொடங்கும் எல்லை சுமார் 2 கிரே. மருத்துவர் கேமராக் கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் அந்த 1.4 பல இடங்களுக்குப் பிரிந்திருக்கும். இங்கே சீவர்ட்டைக் கேட்காதீர்கள். தோல் புண்ணாகுமா என்ற கேள்விக்கு கிரேதான் பதில்.

அதே அறையில் நாள் முழுவதும் நிற்கும் மருத்துவரின் கண் வில்லைக்கு, ஆணையம் 2011இல் பரிந்துரைத்த வரம்பு ஆண்டுக்கு 150இலிருந்து 20 மில்லிசீவர்ட்டாக இறங்கியது. ஈயக் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வேலை செய்யும் இளம் மருத்துவர்கள் இதைப் படித்தால் நல்லது.

அப்பாவுக்கு அடுத்த சில மாதங்களில் இன்னொரு ஸ்டென்ட் தேவைப்பட்டால், இந்தச் சீட்டை முதல் நாளே கேத் லேப்பில் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையில்) காட்டுங்கள். முதுகில் எந்த இடத்தில் கற்றை விழுந்தது என்று அவர்கள் பார்த்து, இம்முறை வேறு கோணத்தில் தொடங்க முடியும்.